ஜிப்சம் மிகு வண்டல் மண்

ஜிப்சம் மிகு வண்டல் மண் என்பது, வறண்ட மற்றும் அரை வறண்ட நிலப்பகுதிகளில் ஆறுகளும் ஓடைகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் ஜிப்சம் பெருமளவு கலந்தோ படிந்தோ காணப்படும் மண் ஆகும். ஜிப்சம் நீரில் ஓரளவு கரையக்கூடிய கனிமம். எனவே மழை மிகுந்த இடங்களில் அது மண்ணில் தங்குவதில்லை. கரைந்து ஆற்றோடு போய்விடுகிறது. மழை குறைந்த இடங்களில் மட்டுமே நிலைத்து நிற்கிறது. இத்தகைய நிலத்திற்குப் பாசன நீர் வந்து சேரும்போது பயிர் விளைகிறது. அதே நீர் நிலத்தையும் கரைக்கத் தொடங்குகிறது. மண்ணில் ஜிப்சம் எவ்வளவு உள்ளது, எந்த ஆழத்தில் உள்ளது, தூளாக உள்ளதா அல்லது பாறைபோல் இறுகியுள்ளதா என்ற மூன்று கேள்விகளே இம்மண்ணின் வகைப்பாட்டுக்கும் பயன்பாட்டுக்கும் அடிப்படையாகும்.

பரவல்

ஜிப்சம் திரண்ட அடுக்கைக் கொண்ட மண்கள் உலகில் ஏறத்தாழ 10 கோடி எக்டேர் பரப்பில் உள்ளன. மெசபடோமியா, மத்திய ஆசியா, லிபியப் பாலைவனம், நமீப் பாலைவனம், ஆஸ்திரேலியாவின் உட்பகுதி, அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி ஆகியவை முக்கிய இடங்கள். ஐரோப்பாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்பெயின் நாட்டின் எப்ரோ ஆற்றுப் படுகையின் நடுப்பகுதி. அங்குள்ள சரகோசா நகரில் ஆண்டு மழையளவு 330 மி.மீ. அளவில்தான் உள்ளது. வடமேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றும் சேர்வதால், பெய்யும் மழையைப்போல் பல மடங்கு நீர் ஆவியாகக்கூடிய சூழல் நிலவுகிறது.

உருவாகும் விதம்

எப்ரோ படுகை ஒரு காலத்தில் கடலுக்கு வழியில்லாத மூடிய படுகையாக இருந்தது. மயோசீன் காலத்தில் அங்கிருந்த ஏரிகள் வற்றியபோது தடித்த ஜிப்சம் பாறைகள் படிந்தன. பிற்காலத்தில் ஆறு கடலுக்கு வழி கண்டதும் இப்பாறைகள் அரிக்கப்பட்டன. குன்றுகளிலிருந்து அடித்து வரப்பட்ட ஜிப்சம் துகள்களும் மென்மணலும் பள்ளத்தாக்குகளை நிரப்பின. இவ்வாறு நிரம்பிய தட்டையான அடிப்பரப்புள்ள சிறு பள்ளத்தாக்குகளை அங்குள்ள மக்கள் ‘வால்’ என்று அழைக்கின்றனர். குன்றுகள் தரிசாகக் கிடக்க, இவ்வால்களில் பார்லி பயிரிடப்படுகிறது.

வண்டல் படிந்த பிறகும் ஜிப்சம் அசையாமல் இருப்பதில்லை. மழைநீர் மேல்மண்ணிலுள்ள ஜிப்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. நீர் வற்றும் ஆழத்தில் அது மீண்டும் படிகமாகிறது. சுண்ணாம்பு இதைவிடக் குறைவாகக் கரைவதால் முதலில் படிகிறது. சாதாரண உப்பு மிக எளிதில் கரைவதால் இன்னும் ஆழத்துக்குச் செல்கிறது. எனவே மேலிருந்து கீழாகச் சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு என்ற வரிசையைப் பல இடங்களில் காணலாம். நிலத்தடி நீர் மேலாக உள்ள தாழ்நிலங்களில் இது மாறுகிறது. அங்கு நீர் நுண்துளைகள் வழியாக மேலேறி ஆவியாவதால் ஜிப்சம் தரைமட்டத்துக்கு அருகிலேயே படியும்.

பண்புகள்

ஜிப்சம் என்பது இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட கால்சியம் சல்பேட் ஆகும். அதன் எடையில் சுமார் 21 விழுக்காடு படிக நீர். நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது. ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 2.4 கிராம் கரையும். இது சாதாரண உப்பின் கரைதிறனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் தூய நீரில் சுண்ணாம்பு கரைவதைவிட நூறு மடங்குக்கும் அதிகம். நீரில் சாதாரண உப்பு கலந்திருந்தால் ஜிப்சம் மேலும் கூடுதலாகக் கரையும்.

இம்மண்ணின் முக்கியப் பண்புகள் பின்வருமாறு:

நிறமும் அமைப்பும்: வெளிர் சாம்பல் அல்லது வெண்மை கலந்த பழுப்பு நிறம். ஜிப்சம் வெண்தூளாகவும், நூல்போன்ற கோடுகளாகவும், பருப்பு வடிவப் படிகங்களாகவும், கூழாங்கற்களின் அடியில் தொங்கும் படிவாகவும் காணப்படும்.

ஊட்டச்சத்து: ஜிப்சம் துகள்களுக்கு மின்னூட்டம் இல்லாததால் அவை ஊட்டச்சத்துகளைப் பிடித்து வைப்பதில்லை. ஜிப்சம் கூடக்கூட மண்ணின் சத்து தாங்கும் திறன் குறைகிறது. கால்சியம் மிகுந்திருப்பதால் பயிர் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் எடுப்பது தடைபடும். பாஸ்பரசும் எளிதில் கிடைக்காத வடிவத்துக்கு மாறும். கரிமப் பொருளின் அளவு பொதுவாகக் குறைவு.

கார-அமில நிலை: பெரும்பாலும் 7 முதல் 8.2 வரை. ஜிப்சம் மட்டுமே உள்ள மண்ணின் சாற்றில் மின்கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 2 டெசிசீமன் அளவில் நிற்கும். உவர் மண்ணுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லை 4 என்பதால், ஜிப்சம் மண் எல்லாம் உவர் மண் அல்ல.

நீர் தொடர்பு: மேற்பரப்பில் மழைக்குப்பின் மெல்லிய ஓடு கட்டும். ஈரமானதும் வலுவிழக்கும், உலர்ந்ததும் இறுகும்.

கண்டறிதலும் ஆய்வும்

நீர்த்த அமிலம் விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. வெண்படிவைக் கண்டவுடன் சுண்ணாம்பு என்று முடிவு செய்யாமல் இருக்க இச்சோதனை உதவும். மண்ணை நீரில் கலக்கி வடிகட்டி, அந்நீரில் அசிட்டோன் சேர்த்தால் ஜிப்சம் வெண்ணிற வீழ்படிவாகத் தோன்றும்.

ஆய்வகத்தில் வேறொரு கவனம் தேவை. மண்ணின் ஈரப்பதத்தை அளக்க 105 டிகிரி செல்சியசில் உலர்த்துவது வழக்கம். அந்த வெப்பத்தில் ஜிப்சத்தின் படிக நீரும் வெளியேறும். 40 விழுக்காடு ஜிப்சம் உள்ள மண்ணில் இதனால் மட்டும் எடை 8 விழுக்காடு வரை குறையக்கூடும். பயிருக்குக் கிடைக்காத நீர், ஈரப்பதமாகக் கணக்கில் வந்துவிடும். எனவே இம்மண்ணைக் குறைந்த வெப்பத்தில் உலர்த்துகின்றனர்.

வகைப்பாடு

உலக அளவில் இரண்டு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. இரண்டிலும் அடிப்படையாக இருப்பது ‘ஜிப்சிக் அடுக்கு’. அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 செ.மீ. தடிமன் வேண்டும், எடையில் குறைந்தது 5 விழுக்காடு ஜிப்சம் வேண்டும், பின்னர் படிந்த ஜிப்சம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும், தடிமனையும் (செ.மீ.) ஜிப்சம் விழுக்காட்டையும் பெருக்கினால் 150 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 15 செ.மீ. தடிமனுள்ள அடுக்கில் 10 விழுக்காடு ஜிப்சம் இருந்தால் இவ்விதி சரியாக நிறைவேறும். ஜிப்சம் படிந்து பாறைபோல் இறுகிய அடுக்கு ‘பெட்ரோஜிப்சிக்’ எனப்படுகிறது.

இந்தக் குறைந்தபட்ச அளவே எவ்வளவு பெரியது என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடப் பரிந்துரைக்கப்படுகிறது. மேற்சொன்ன அடுக்கில், ஒரு கன செ.மீ. மண்ணின் எடை 1.3 கிராம் எனக் கொண்டால், எக்டேருக்குச் சுமார் 195 டன் ஜிப்சம் இருக்கும். உரமாகப் பயன்படும் பொருள் இங்கு மண்ணின் உடலாகவே இருக்கிறது.

உலக மண் வளக் குறிப்பு முறையில், ஜிப்சிக் அல்லது பெட்ரோஜிப்சிக் அடுக்கு 100 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்கும் மண் ‘ஜிப்சிசால்’ ஆகும். மிகுந்த உவர்த்தன்மை உள்ள மண்கள் இதற்கு முன்பே வேறு பிரிவுக்குப் பிரிக்கப்பட்டுவிடும். சுண்ணாம்பு அடுக்கும் ஜிப்சம் அடுக்கும் சேர்ந்திருந்தால் ஜிப்சிசால் என்ற பெயரே முந்தும். ஜிப்சம் 50 விழுக்காட்டை எட்டினால் ‘ஹைப்பர்ஜிப்சிக்’ என்ற அடைமொழி சேரும்.

அமெரிக்க முறையில் வறள்மண்களான அரிடிசால் வரிசையின் கீழ் ‘ஜிப்சிட்’ என்ற துணைவரிசை உள்ளது. அதில் ஐந்து பெரும்பிரிவுகள் உண்டு: இறுகிய அடுக்குள்ள பெட்ரோஜிப்சிட், சோடியம் மிகுந்த களி அடுக்குள்ள நாட்ரிஜிப்சிட், களி திரண்ட அடுக்குள்ள ஆர்ஜிஜிப்சிட், சுண்ணாம்பு அடுக்குள்ள கால்சிஜிப்சிட், இவை எதுவும் இல்லாத ஹாப்லோஜிப்சிட்.

வண்டல் மண்ணைப் பொறுத்தவரை காலம் முக்கியமானது. அண்மையில் படிந்த வண்டலில் ஜிப்சம் துகள்கள் நிறைய இருந்தாலும், அவை ஆறு கொண்டுவந்தவை. மண்ணுக்குள் கரைந்து திரண்டவை அல்ல. அத்தகைய மண்ணில் வண்டல் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால் அது ஜிப்சம் அடைமொழியுடன் ‘புளுவிசால்’ எனப்படும். நீண்ட காலத்துக்குப்பின் ஜிப்சிக் அடுக்கு உருவானால் அதே நிலம் ஜிப்சிசால் ஆகிவிடும்.

வேளாண்மை

மண்ணில் 2 விழுக்காடு வரை ஜிப்சம் இருப்பது பயிருக்கு நன்மை. 25 விழுக்காடு வரை, தூளாக இருக்கும் நிலையில், பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு மேல் விளைச்சல் கணிசமாகக் குறையும். இறுகிய அடுக்கு மேலாக இருந்தால் விழுக்காடு எதுவாயினும் வேர் இறங்காது. எப்ரோ படுகையில் பாசனம் கிடைக்கும் இடங்களில் குதிரைமசால், மக்காச்சோளம் முதலியவை பயிரிடப்படுகின்றன. ஜிப்சம் மண்ணில் மட்டுமே செழிக்கும் இயற்கைத் தாவரங்களும் அங்கு உண்டு. ஹெலியாந்தெமம் ஸ்குவாமேட்டம், ஜிப்சோபிலா ஸ்ட்ரூத்தியம் ஆகியவை எடுத்துக்காட்டுகள். ஜிப்சோபிலா என்ற பெயருக்கே ஜிப்சத்தை விரும்புவது என்று பொருள்.

நிலம் அமிழ்தல்

பாசனத்தில் ஓர் எக்டேருக்கு 100 மி.மீ. நீர் மிகையாக இறங்கினால், அது அதிகபட்சம் 2.4 டன் ஜிப்சத்தைக் கரைக்கும். வயல் முழுவதும் சீராகக் கரைந்தால் ஏற்படும் குறைவு 0.1 மி.மீ. மட்டுமே, யாரும் அறியமாட்டார்கள். ஆனால் நீர் ஒரே வழியில் இறங்கினால் நிலைமை வேறு. கால்வாயின் ஒரு விரிசலில் வினாடிக்கு ஒரு லிட்டர் கசிந்தால், ஓராண்டில் சுமார் 75 டன் ஜிப்சம் கரைந்துபோக முடியும். அது 30 கன மீட்டருக்கும் மேற்பட்ட வெற்றிடம். மேலே உள்ள மண் ஒருநாள் அதற்குள் சரியும். இதோடு, நுண்துளைகள் நிறைந்த உலர்ந்த ஜிப்சம் வண்டல் முதன்முறையாக நன்கு நனையும்போது தன் எடையாலேயே அமுங்கிவிடும்.

சரகோசாவைச் சுற்றி இத்தகைய அமிழ்குழிகள் பல உள்ளன. 18-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அரகோன் இம்பீரியல் கால்வாயின் கசிவு அவற்றுக்கு ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. காயெகோ ஆற்றுப் பகுதியில், பாசன நிலங்களுக்குக் குடியேறுவோருக்காக 1950-களில் கட்டப்பட்ட புயிலாத்தோஸ் என்ற ஊரில் நிலம் அமிழ்ந்து கட்டடங்கள் கடுமையாகச் சேதமடைந்தன. 1970-களில் அந்த ஊர் கைவிடப்பட்டது. எந்த நீரை நம்பி ஊர் உருவானதோ, அந்த நீரைத் தாங்கும் மண் அதன் அடியில் இல்லை.

மேலாண்மை

கால்வாய்களுக்குக் கசியாத உட்பூச்சு இடுதல், திறந்த வாய்க்காலுக்குப் பதில் இணைப்புகள் இறுக்கமான குழாய்களைப் பயன்படுத்துதல், வயலில் நீர் தேங்கவிடாமல் தெளிப்பு அல்லது சொட்டு முறையில் அளவாகப் பாய்ச்சுதல் ஆகியவை முதன்மையானவை. சல்பேட் சாதாரண சிமெண்டுடன் வினைபுரிந்து காங்கிரீட்டை விரிசலடையச் செய்வதால், சல்பேட்டைத் தாங்கும் சிமெண்ட் தேவை. ஆழமற்ற ஜிப்சம் அடுக்குள்ள வயலைச் சமன்படுத்த மேல்மண்ணை வழித்தெடுத்தால் வெண்படிவு வெளியே வந்துவிடும். எனவே முதலில் குழி வெட்டி அடுக்கின் ஆழத்தையும் இறுக்கத்தையும் அறிய வேண்டும். மண்ணின் வகைப்பெயரில் அடங்கியிருப்பதும் இதே தகவல்தான். பாசனத் திட்டத்துக்கு முன்பே அப்பெயரை அறிந்துகொள்வது பின்னர் ஏற்படும் இழப்பைத் தவிர்க்க உதவும்.