உஷார்! கூகுளிடம் கேட்டது உங்களோடு போகாது

டாக்டரிடம் கேட்கக் கூச்சம், வீட்டில் சொல்லத் தயக்கம், நண்பனிடம் சொன்னால் கிண்டல். உடனே கை செல்போனுக்குப் போகிறது. மூலத்துக்கு நாட்டு வைத்தியம், முன்னாள் காதலியின் இப்போதைய போட்டோ, கணவர் குறட்டை விட்டால் விவாகரத்து கிடைக்குமா... எதையெல்லாம் தேடுகிறோம்! தேடிவிட்டு ஹிஸ்டரியை அழித்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீரவில்லை.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் இணைய நிறுவனம், ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று, சுமார் 6.5 லட்சம் பேர் 3 மாதங்களில் தேடிய 2 கோடி தேடல்களை இணையத்தில் போட்டது. பெயர் கிடையாது, ஆளுக்கொரு எண் மட்டும். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்! நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விரல் மரத்துப்போவது, 60 வயதுத் தனி ஆண்கள், கண்ட இடத்திலெல்லாம் சிறுநீர் கழிக்கும் நாய் என்று படித்தால் சிரிப்பு வரும் தேடல்கள். ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்தவை இவை அல்ல, பக்கத்தில் இருந்த சாதுவான தேடல்கள்: தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள், தன் குடும்பப் பெயர் கொண்ட சிலர். இவற்றைக் கோத்துப் பார்த்தே, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த 62 வயது விதவை ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு இன்னும் பயம் தருவது வேறு. அவர் தேடிய நோய்களில் பல அவருக்கு இல்லவே இல்லை; நண்பர்களின் பயத்தைப் போக்கத் தேடியவை. பட்டியலை மட்டும் பார்ப்பவர் அவர் தலையில் எத்தனை நோயைக் கட்டியிருப்பார்! எதிர்வீட்டு அக்காவுக்காக நீங்கள் தேடும் கருத்தடை மாத்திரையும் உங்கள் கணக்கில்தான் ஏறுகிறது. ஏஓஎல் சில நாளிலேயே கோப்பை எடுத்துவிட்டது. அதற்குள் பலர் நகல் எடுத்தாயிற்று.

'இன்காக்னிட்டோவில்தானே தேடுகிறேன்' என்பவர்களே, அது உங்கள் போனில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது ஆபீஸ் வைஃபையை நடத்துபவருக்கும் இணைய இணைப்புத் தருபவருக்கும் தெரிய வழி உண்டு. இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் விவரங்களையும் கூகுள் சேர்த்தது என்று 2020-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசம் பேசி, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

இன்றைக்கே கூகுள் கணக்கில் 'எனது செயல்பாடு' பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3 மாதத்துக்கு முந்தையவை தானாக அழியும்படி அங்கேயே வைக்கலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த ஜிமெயிலைத் திறந்து வைக்காதீர்கள். பிள்ளையின் டேப்லெட்டில் ஓடுவது உங்கள் கணக்கா? ஹோம்வொர்க்குக்காக அவன் 'மூலக்கூறு' என்று தட்டத் தொடங்கும்போதே உங்கள் மூல வைத்தியம் வந்து நிற்கும்!

இந்தக் கூச்சத்தை நம்பியே ஒரு கும்பல் மெயில் அனுப்புகிறது: 'நீ பார்த்ததையெல்லாம் கேமராவில் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு.' நம்ப வைக்க உங்கள் பழைய பாஸ்வேர்டையும் போட்டிருப்பார்கள். எப்போதோ எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்தது அது. பதில் போடாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், அந்தப் பாஸ்வேர்டை எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். பணம் போய்விட்டதா? யாரிடம் சொல்வது என்று மருகிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுங்கள்.