வண்டிக்கும் உண்டு நாடி



நமக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் முதலில் நாடி பார்ப்பார். அதன் பிறகே மருந்து எழுதுவார். ஓடாத மோட்டார் வண்டிக்கும் இதே முறைதான். அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடர்தான் இதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

அது 1984-இல் தாத்தா வாங்கிய வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இவ்வண்டிகளைத் தயாரித்து வந்தது. 2014-இல் அந்த உற்பத்தி நின்றது. தாத்தா மறைந்த பிறகு, சென்ற மழைக்காலத்தில் எங்கள் வண்டி அடிக்கடி மக்கர் செய்தது. பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை குறித்த நாளன்று விடியற்காலையில் அது கிளம்பவே இல்லை. கொட்டும் மழையில் ஆட்டோவும் கிடைக்கவில்லை. சிகிச்சை ஒரு மாதம் தள்ளிப் போயிற்று.

"புது பாட்டரி போட்டாயிற்று, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பிரித்துக் கட்டியாயிற்று. இனி செலவு செய்ய முடியாது. புதுப்பேட்டைக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் அம்மா. பாட்டி ஒன்றும் பேசாமல் வண்டியையே பார்த்துக் கொண்டிருந்தார். அப்பா எங்கள் இருவரிடமும், "ஞாயிற்றுக்கிழமை வரை நேரம். காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்" என்றார்.

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: அளவாகக் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையை இறுக்கும் அழுத்தம், சரியான நொடியில் ஒரு தீப்பொறி. இவற்றைத் தொடங்கி வைக்க ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்ற வேண்டும். ஆகவே முதற்கேள்வி இதுதான்: சாவியைத் திருப்பினால் இன்ஜின் விறுவிறுவென்று சுழல்கிறதா?

நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால், குறை பெட்ரோலிலோ தீப்பொறியிலோ இருக்கலாம். அப்போது பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்டைப் பார்க்க வேண்டும். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு.

எங்கள் வண்டியோ சுழலவே முனகியது. அப்படியானால் குறை மின்சாரப் பக்கம். ஆனால் முகப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது! விளக்கு எரியும்போது ஸ்டார்ட்டர் மட்டும் ஏன் தள்ளாடுகிறது?

ஆவடியில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒரு மல்டிமீட்டர் கொண்டு வந்தார். எங்கள் வளையல், மோதிரங்களைக் கழற்றச் சொன்னார். பாட்டரி முனைகளுக்கிடையே உலோகம் பட்டால் கை வெந்துவிடும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, இன்ஜின் பற்றாதிருக்கக் காயிலுக்குச் செல்லும் மெல்லிய ஒயரையும் கழற்றினோம்.

பாட்டரி சும்மா இருக்கையில் 12.5 வோல்ட், சாவியைத் திருப்புகையில் 10.8 வோல்ட். பத்துக்குக் கீழே இறங்காததால் பாட்டரி நலமே. அப்பா மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்ப, தங்கை சோக் குமிழைப் பிடித்திருந்தாள். திடீரென்று, "அக்கா, இது சுடுது!" என்று கையை உதறினாள்.

சோக் கம்பிக்கு மின்சாரத்தோடு என்ன வேலை? சித்தப்பா விளக்கினார். பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் இன்ஜின் வழியாகவும் வண்டி உடல் வழியாகவும் திரும்பி வர வேண்டும். இன்ஜின் அமர்ந்திருப்பதோ ரப்பர் மேல். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இரண்டையும் ஒரு செப்புப் பின்னல் பட்டை இணைக்கிறது. இதற்கு எர்த் பட்டை என்று பெயர். அது கெட்டால் மின்சாரம் மெல்லிய சோக் கம்பி வழியே முண்டியடிக்கிறது, கம்பி சூடாகிறது. விளக்கின் மின்சாரம் அந்தப் பட்டை வழியே போவதில்லை. ஆகவே விளக்குக்குக் குறையில்லை.

மீட்டரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை வண்டி உடலிலும் வைத்துச் சாவியைத் திருப்பினோம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் 3 வோல்ட் காட்டியது!

நாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி இங்கே உயிர் பெறுகிறது. ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்ட விதி அது. ஸ்டார்ட்டர் ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். வழியில் 0.03 ஓம் தடை இருந்தால், இரண்டையும் பெருக்க 3 வோல்ட் வீண். 10.8 வோல்ட்டில் 7.8 வோல்ட்டுதான் ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கும். இவ்வளவு சிறிய தடையைச் சும்மா அளந்தால், 'இணைப்பு சரி' என்றே மீட்டர் சொல்லும். பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் குறை வெளிப்படும்.

வண்டிக்கு அடியில் பார்த்தோம். பட்டை பச்சைக் களிம்பேறி, பாதி இழைகள் அறுந்து தொங்கின. புதியது வாங்கி, இணைக்கும் இடங்களை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். அதற்கான செலவு, நாங்கள் வீணாக வாங்கிய பாட்டரியின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. கழற்றிப் போட்ட பழைய பாட்டரியிலும் குறை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது!

தோழியரே, நம் பக்கத்துப் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் செய்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வளரும் நாம், "இது ஆண்கள் வேலை" என்று ஒதுங்கலாமா? அளந்து பார்க்கக் கண்ணும், பொறுமையும், கொஞ்சம் இயற்பியலும் இருந்தால் போதும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொருளை மாற்றுமுன் காரணத்தைத் தேடுவோம்.

தள்ளிப் போன அந்த நாளும் வந்தது. அன்றும் மழை. அப்பா சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி உறுமியது. பின் இருக்கையிலிருந்த பாட்டி, "உங்க தாத்தா காலத்துல கேட்ட அதே சத்தம்" என்றார். அம்மா அதன் பிறகு புதுப்பேட்டையைப் பற்றிப் பேசவே இல்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி