தேவரடியார் குடும்பங்களில் மரபு மறைப்பு

தேவரடியார் குடும்பங்களில் மரபு மறைப்பு என்பது, பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிக்கப்பட்ட 20 ஆம் நூற்றாண்டில், கோயிற் பணி செய்த பெண்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் பற்றிய செய்திகளை அடுத்த தலைமுறைக்குச் சொல்லாது விட்டதைக் குறிக்கும். பாட்டியின் தொழில், தாத்தாவின் பெயர், வீடும் நிலமும் வந்த வழி ஆகியவையே பெரும்பாலும் மறைக்கப்பட்டன.

பின்னணி

இம்மரபு எக்காலத்திலும் மறைவுக்குரியதாக இருந்ததில்லை. முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அவர்களுடைய பெயர், முன்பு பணிசெய்த கோயில், புதிதாகப் பெற்ற வீடு இருக்கும் தெருச்சிறகு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்னும் பங்கு ஆகியன கல்வெட்டில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம். ஆனால் மூன்று தலைமுறைக்கு முற்பட்ட தம் பாட்டியின் பெயரை அறியாத குடும்பங்கள் பல உள்ளன.

திருவண்ணாமலை மலைவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடினார் என்பது மரபு. இப்பாடல்களை இறைவன் திருமுன் பாடுவதற்குத் திருவொற்றியூர்க் கோயிலில் மகளிர் நியமிக்கப்பட்டிருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்போருள் இத்தொடர்பை அறிந்தவர் சிலரே. அருணகிரிநாதர் இதே ஊரில் முத்து என்னும் தாசியின் மகனாகப் பிறந்தார் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. இதற்கு ஆவணச் சான்று இல்லை. அறிஞர் பலர் இதனை மறுப்பர். கதையின் உண்மை எதுவாயினும், மறுப்பில் காணப்படும் பதற்றம் கவனிக்கத்தக்கது.

தேவரடியார் என்னும் சொல்லே காலப்போக்கில் திரிந்து வசைச்சொல் ஆயிற்று. மறைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சட்டங்கள்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1927 இல் பொட்டுக்கட்டுக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவருடைய தாயார் சந்திரம்மாள் இம்மரபைச் சேர்ந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முதல்வர். 1929 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், மானிய நிலங்களைக் கோயிற் பணி என்னும் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. 1947 இல் பொட்டுக்கட்டுதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் இம்முயற்சியை எதிர்த்தனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அம்மரபிலிருந்தே எழுந்து அதனை ஒழிக்கப் போராடினார். 1936 இல் இதுபற்றி ஒரு புதினமும் எழுதி வெளியிட்டார்.

மறைப்பின் வழிகள்

இக்குடும்பங்களில் சொத்தும் கலையும் தாய்வழியே சென்றன. மகளுக்கே உரிமை, தத்தெடுப்பதும் பெண் குழந்தையையே. பெயரின் முன்னெழுத்தும் பெரும்பாலும் ஊரையும் தாயையும் குறித்தது. எம். எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகள் மதுரை, சண்முகவடிவு என்பவற்றின் சுருக்கமே. சண்முகவடிவு அவருடைய தாயார், வீணைக் கலைஞர். தந்தை யார் என்பதில் அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளிச் சேர்க்கையும் அரசுப் பணியும் தந்தை பெயரைக் கேட்டபோது இம்முறை இடராயிற்று. ஒரு பெயரை எழுதியாக வேண்டும். எழுதிய பெயரே பின்னர் குடும்ப வரலாறாகவும் நிலைத்தது.

இசை வேளாளர் என்னும் பொதுப்பெயர் பரவியபின் பெரியமேளம் எனப்படும் நாகசுரக் கலைஞரும், சின்னமேளம் எனப்படும் ஆடல் குழுவினரும் ஒரே பெயருக்குள் அடங்கினர். ஆண்களின் நாகசுரமும் நட்டுவாங்கமும் பெருமைக்குரிய குலத்தொழிலாகத் தொடர்ந்து பேசப்பட்டன. ஆடிய பெண்களைப் பற்றிய பேச்சே நின்றது. மகளுக்கு ஆடல் கற்பிக்காமல் விடுவதும் மறைப்பின் ஒரு பகுதியாயிற்று. சதிர் என்னும் ஆடலோ 1930களில் பரதநாட்டியம் என்னும் பெயருடன் பிற சாதிப் பெண்களிடம் சென்றது.

மறைக்காதோர்

வீணை தனம்மாளின் பேத்தி தஞ்சாவூர் பாலசரசுவதி (1918–1984) தம் மரபை ஒருபோதும் மறைத்ததில்லை. தாயார் செயம்மாள் பாடத் தாம் ஆடினார். விராலிமலை முருகன் கோயிலில் சிறுவயதில் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள், அங்கிருந்த 32 பேரில் தாமும் ஒருவர் என வெளிப்படையாகக் கூறி வந்தார். அவருக்கு 2022 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அரசின் திருமண உதவித் திட்டம் அதே ஆண்டில் பெண்களுக்கான உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது.