எலும்பைக் காக்கும் ஊசி: ஏன் 15 நிமிடம்?

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குச் சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு, சொட்டு மருந்தை வேகமாக ஏற்றினால் பொழுதோடு வீடு திரும்பலாமே என்று தோன்றும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்குத் தரும் ஸோலெட்ரானிக் ஆசிட்டில் அந்த அவசரம் கூடவே கூடாது.

ஏன்? புற்றுநோய், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. இம்மருந்து எலும்பில் படிந்து, அரிக்க வரும் செல்லுக்குள் நுழைந்து அதை முடக்குகிறது. எலும்பில் ஒட்டாத மிச்சம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தொடக்க கால ஆய்வுகளில் 5 நிமிடத்தில் ஏற்றியபோது சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அதனால்தான் இன்று 4 மில்லிகிராம் மருந்தை 100 மில்லி சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம் ஏற்றுகிறார்கள். கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள்.

அடுத்தது பல். இம்மருந்து பெற்ற சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் சிக்கல் 2003-இல் மருத்துவ இதழ்களில் பதிவானது. சொத்தைப் பல் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை தந்துவந்த இந்த ஊசியை 12 வாரத்துக்கு ஒருமுறை தந்தாலும் எலும்பு பாதிப்புகள் கூடவில்லை என 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மலையில் வாழ்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உங்களுக்கும் பொருந்துமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.