தேதி இல்லாத படங்கள்: மெட்ராஸ் போட்டோக்களுக்கு வருஷம் கண்டுபிடிப்பது எப்படி?

திருவல்லிக்கேணி அத்தை வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே ஒரு கருப்பு வெள்ளை போட்டோ மாட்டியிருக்கும். கடற்கரைச் சாலையில் பெருங்கூட்டம். முன்னால் தாத்தா, அவர் தோளில் நாலைந்து வயசுப் பிள்ளை ஒன்று. பின்னணியில் உழைப்பாளர் சிலை கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ஃபிரேமின் அடியில் சித்தப்பா ஒட்டிய சீட்டு: "அண்ணா இறுதி ஊர்வலம், 4-2-1969".

தாத்தா அண்ணாவின் பேச்சைக் கேட்க எந்த மைதானத்துக்கும் நடந்தே போகக்கூடிய ஆள். அதனால் அந்தப் படம் எங்கள் குடும்பத்தில் கிட்டத்தட்ட சாமி படம் மாதிரி. தோளில் இருக்கும் பிள்ளை யார் என்று கேட்டால், "கூட்டத்துல யார் பெத்த பிள்ளையோ, நசுங்கிடப் போகுதுன்னு தூக்கி வெச்சுக்கிட்டார்" என்று பதில் வரும். நானும் ரொம்ப வருஷம் அதை நம்பினேன்.

போன வருஷம் ஃபிரேம் பூச்சி அரித்துவிட்டது என்று அத்தை கூப்பிட்டார். கழற்றி, ஸ்கேன் செய்து, பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டத்தில் நிறைய சின்னப் பசங்க. கையில் காகிதக் கொடி. மூன்று பட்டை, நடுவில் வட்டமாக ஏதோ. பக்கத்தில் நிற்கிற பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சாவு ஊர்வலத்திலும் ஒருவர் இருவர் சிரிப்பார்கள், ஆனால் இத்தனை பேரா?

அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன். இந்த மாதிரி தேதி இல்லாத படங்களை எப்படி அணுகுவது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பழைய மெட்ராஸ் போஸ்ட்கார்டும் நோட்டீசும் சேர்க்க ஆரம்பித்த பிறகு, தப்பு செய்து செய்து கற்றுக்கொண்டது இது.

என் வேலையில் சில சமயம் நேரம் பதிவாகாத லாக் வரி வந்து சேரும். அப்போது என்ன செய்வோம்? அந்த வரி எதற்குப் பிறகு நடந்திருக்க வேண்டும், எதற்கு முன் நடந்திருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் சுவர் கட்டிக்கொண்டே வருவோம். போட்டோவுக்கும் அதேதான். ஒரு சுவர்: படத்தில் இருக்கும் பொருட்களில் கடைசியாக ஊருக்குள் வந்தது எது? இன்னொரு சுவர்: இருக்கும் பொருட்களில் முதலில் காணாமல் போனது எது?

மெட்ராஸ் இதற்கு வசதியான ஊர். எலக்ட்ரிக் டிராம் 1895ல் வந்தது, 1953ல் நின்றது. "1880ல் மவுண்ட் ரோடு" என்று வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றி வந்தது. படத்தில் டிராம் வண்டி ஜம்மென்று நிற்கிறது! ஹைகோர்ட் கட்டடம் 1892. ரிப்பன் மாளிகை 1913. மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை தெரிந்தால் படம் 1937க்கு முந்தியது, ஏனென்றால் 1927ல் அதை எதிர்த்துப் போராட்டம் நடந்து, பத்து வருஷம் கழித்து ராஜாஜி அமைச்சரவை காலத்தில் சிலை மியூசியத்துக்குப் போய்விட்டது. எல்.ஐ.சி. கட்டடம் 1959. மெரினா கலங்கரை விளக்கம் வேலை செய்ய ஆரம்பித்தது 1977ல். மூர் மார்க்கெட் எரிந்தது 1985ல். இதையெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒரு பொருள் படத்தில் இருப்பது பலமான சாட்சி, இல்லாதது பலவீனமான சாட்சி. கேமரா கோணத்தில் விழாமல் போயிருக்கலாம், முன்னால் நிற்கிற ஆளின் தலை மறைத்திருக்கலாம். கண்ணகி சிலை 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்தது. 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006ல் திரும்ப வைத்தார்கள். ஆக "கண்ணகி இல்லை, அதனால் 1968க்கு முன்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஒரு தடவை அப்படிச் சொல்லி நண்பரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போஸ்ட்கார்டு என்றால் முதலில் திருப்பிப் பாருங்கள். ஆரம்ப காலத்தில் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமானால் முன்பக்கம் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு ஒரு பாதி சேதிக்கு, மறு பாதி விலாசத்துக்கு என்று பிரித்துக்கொள்ள பிரிட்டனில் 1902ல் அனுமதி கிடைத்தது, மற்ற நாடுகள் அடுத்த சில வருஷங்களில் பின்தொடர்ந்தன. ஸ்டாம்பில் ஏழாம் எட்வர்டு தலை இருந்தால் 1902க்குப் பிறகு, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911க்குப் பிறகு.

ஆனால் ஸ்டாம்பு சொல்வது கார்டு தபாலில் போன காலத்தை. படம் எடுத்த காலம் வேறு. ஒரு நல்ல கண்ணாடி நெகட்டிவ் கையில் இருந்தால் ஸ்டுடியோக்காரர்கள் அதை லேசில் விடமாட்டார்கள், வருஷக்கணக்கில் அச்சடித்து விற்பார்கள். கலர் கார்டில் இருக்கும் கலரையும் நம்பாதீர்கள். கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் அச்சகத்தில் ஏற்றிய வண்ணம் அது. ஏற்றியவர் மெட்ராஸைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சில படங்கள் இடவலம் மாறியும் அச்சாகியிருக்கும். கடை போர்டில் எழுத்து திரும்பியிருக்கிறதா, எல்லாப் பெண்களுக்கும் முந்தானை தப்பான தோளில் கிடக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரிய சம்பவங்களின் படங்களுக்குத் தேதிப் பிரச்சினை இருக்காது என்று நினைப்போம். எம்டன் விஷயத்தைப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது, துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நாள், நேரம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்த சம்பவம். ஆனாலும் "மெட்ராஸைத் தாக்கிய எம்டன்" என்று பலர் பகிரும் கப்பல் படம் அந்தக் கப்பலே இல்லை. முதல் எம்டன் 1914 நவம்பரிலேயே கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிவாங்கி முடிந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் அதே பெயரைப் பிறகு வேறு கப்பல்களுக்கும் வைத்தார்கள். புகைபோக்கியை எண்ணினால் போதும்: மெட்ராஸுக்கு வந்த எம்டனுக்கு மூன்று, 1925ல் நீரில் இறக்கியதற்கு இரண்டு.

நோட்டீஸ், டிக்கெட், ரசீது மாதிரித் துண்டுக் காகிதங்கள் படங்களைவிட நேர்மையானவை என்பது என் கட்சி. எதிர்காலத்தில் எவனாவது பார்ப்பான் என்று நினைத்து யாரும் டிக்கெட் அடிப்பதில்லை. விலையில் "அணா" இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முன். "ந.பை.", அதாவது நயா பைசா, என்றால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் நடுவில். விலாசத்தில் "சென்னை-5" என்றால் பழசு, "600 005" என்றால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. பழைய லை, னா, றா எழுத்து வடிவங்களை வைத்து 1978க்கு முன் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அரசாணை வந்தது அந்த வருஷம்தான், ஆனால் பெரியாரின் 'குடிஅரசு' 1935லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டது. இந்தப் பக்கம், அரசாணைக்கு அப்புறமும் பழைய அச்சு எழுத்தை வைத்து ஓட்டிய அச்சகங்கள் எத்தனையோ!

எனக்கு மிகவும் பிடித்தது கிழமைக் கணக்கு. பழைய நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் இருக்கும், வருஷம் இருக்காது. யார் வருஷம் போடுவார்கள், நாடகம் வர்ற சனிக்கிழமைதானே! உதாரணத்துக்கு, "துந்துபி வருஷம், செப்டம்பர் 2, சனிக்கிழமை" என்று ஒரு நாடக நோட்டீஸ். துந்துபி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1862, 1922, 1982. செப்டம்பர் 2 சனிக்கிழமையாக வந்தது 1922ல் மட்டும். 1862ல் அது செவ்வாய், 1982ல் வியாழன். பத்து வரி புரோகிராம் போதும், பஞ்சாங்கம்கூட வேண்டாம்.

இத்தனை தந்திரமும் கட்டடத்திடமும் காகிதத்திடமும் பலிக்கிறது. மனிதர்களிடம் வந்தால்தான் திணறல். பழைய மெட்ராஸ் படங்களில் கவர்னருக்குப் பெயர் இருக்கும், சிலைக்குப் பெயர் இருக்கும், அவர் குதிரைக்குக்கூடப் பெயர் தேடி எடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு வண்ணான், பழக்காரி, தண்ணீர் தூக்குகிறவன் என்று தொழிலோ சாதியோதான் தலைப்பு. 1868க்கும் 1875க்கும் நடுவில் லண்டனில் எட்டு தொகுதிகளாக வந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' இந்தப் பழக்கத்தைப் புத்தகமாகவே போட்டது. பூச்சியைக் குண்டூசியில் குத்தி அட்டையில் வைத்து பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதில் மோசமானது தாது வருஷப் பஞ்சத்தின் படங்கள். 1876 முதல் 1878 வரையான அந்தப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து, கல்யாண குரூப் போட்டோ மாதிரி எடுத்திருப்பார். இதே ஆள் 1886ல் பர்மாவில் மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படம் பிடிக்கப் போய், விசாரணையில் கண்டனம் வாங்கினார். பஞ்சப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. என் எக்செல் ஷீட் அந்தப் படத்தின் காலத்தைச் சொல்லும். அந்தத் தாய் மடியில் கிடக்கிற குழந்தையின் பெயரை எந்த ஷீட்டும் சொல்லாது. அந்தப் படங்களை நான் என் பதிவுகளில் போடுவதில்லை.

சரி, தாத்தா படம். உழைப்பாளர் சிலை திறந்தது 1959 ஜனவரி 25. தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை. அது பின்னால் தெரிவதால் ஒரு பக்கச் சுவர் கிடைத்துவிட்டது. மறுபக்கச் சுவர் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஸ்டுடியோவின் பழுப்புக் கவர், உள்ளே அதே படத்தின் நெகட்டிவ். கவரின் மேல் அச்சடித்த கட்டத்தில் ரூ., ந.பை. என்று இரண்டு பத்தி. மேலே பென்சிலில், "டெலிவரி 28-1 சனி". வருஷம் வழக்கம்போல இல்லை.

அண்ணா காலமானது பிப்ரவரி 3, அடக்கம் மறுநாள். அந்த ஊர்வலப் படத்தை ஜனவரி 28ல் டெலிவரி கொடுக்க முடியாது. அடுத்த வருஷம் ஜனவரியில் வாங்கியிருக்கலாமே என்றால், 1970ல் ஜனவரி 28 புதன்கிழமை. 1959க்குப் பிறகு அந்தத் தேதி சனிக்கிழமையாக வருவது 1961, 1967, 1978. தாத்தா 1975ல் போய்ச் சேர்ந்துவிட்டதால் கடைசியைத் தள்ளலாம். நயா பைசா கட்டம் 1961 என்கிறது. பழைய கவர் ஸ்டாக் மிச்சமிருந்து 1967ல் கொடுத்திருக்கவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. எதுவானாலும் இரண்டு நாள் முன்னால் ஜனவரி 26. கொடி, பசங்க, சிரிப்பு. அனேகமாக குடியரசு தின அணிவகுப்பு.

இதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். சித்தப்பா இப்போது இல்லை, அவர் கையால் ஒட்டிய சீட்டு அது. கடைசியில் மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், கவரையும் காட்டி, கணக்கையும் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணா போனப்ப அப்பா மூணு நாள் சாப்பிடலடா. ஊர்வலத்துக்குப் போனார், செருப்பைத் தொலைச்சிட்டு வந்தார். அது பொய்யில்லை" என்றார். பொய் என்று நான் சொல்லவில்லை அத்தை, இந்தப் படம் அந்த நாள் இல்லை, அவ்வளவுதான் என்றேன்.

"எந்த வருஷம்னு சொன்னே?"

"அறுபத்தொண்ணு. இல்லன்னா அறுபத்தேழு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போனார். அத்தை பிறந்தது 1956. அறுபத்தொன்பதில் அவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயசு, அதனால் தோளில் இருக்கும் பிள்ளையை இத்தனை வருஷமாக யாரும் அவரோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. அவரும் பார்க்கவில்லை.

"இந்த கவுன் எங்கம்மா தெச்சதுடா" என்றார். "ஜோபி மட்டும் வேற துணி. பாரு, தெரியுது."

பெரிதாக்கிய ஸ்கேனை லேப்டாப்பில் திறந்தேன். பாக்கெட் வேறு துணிதான்.

சீட்டைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அது சித்தப்பா எழுத்து. புது ஃபிரேம் போடும்போது படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் நான் எழுதினேன்: தாத்தா பெயர், அத்தை பெயர், "26-1-1961 ஆக இருக்கலாம்", கவரில் இருந்த விவரம். அத்தை பேனாவை எடுத்து நீட்டினார். பேனா மை படத்தின் முன்பக்கம் ஊறிவிடும் என்று நான் வாங்கவில்லை.