முன்னாள் ஜனாதிபதிகள் பேசட்டும், கணக்கையும் சொல்லட்டும்

2025 ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க கைது செய்யப்பட்டபோது, தேர்தல் மேடைகளில் ஒருவரையொருவர் சாடிய முன்னாள் ஜனாதிபதிகள் ஒரே பக்கத்தில் நின்றார்கள். மஹிந்த ராஜபக்ஷ சிறைக்கே சென்று பார்த்தார். சந்திரிகா குமாரதுங்க கண்டித்து அறிக்கை விட்டார். செப்டெம்பர் 10இல் முன்னாள் ஜனாதிபதிகளின் சிறப்புரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றம் 151 வாக்குகளால் நீக்கியது. மறுநாளே மஹிந்த விஜேராம இல்லத்தை விட்டு வெளியேறினார். இவர்கள் ஆட்சியில் இருப்பவர்களைக் குறை சொல்லலாமா என்ற விவாதம் அன்றிலிருந்து கல்முனைக் கடைத்தெருவிலும் சூடாகத்தான் நடக்கிறது.

தாராளமாகச் சொல்லலாம் என்பதே என் நிலைப்பாடு. எந்தக் கோப்பு எந்த மேசையில் தேங்கும், எந்த அதிகாரியின் எச்சரிக்கை மேலே போகாது என்பது அந்தக் கதிரையில் இருந்தவருக்குத்தான் தெரியும். 2016 நவம்பரில் இந்தியாவில் பணமதிப்பு நீக்கத்தை மாநிலங்களவையில் மன்மோகன் சிங் எதிர்த்துப் பேசியபோது நாடே காது கொடுத்தது. பத்து வருடம் பிரதமராக இருந்த பொருளியலாளர் அல்லவா!

ஓய்வு பெற்றவர் மௌனமாக இருப்பதே மரியாதை என்பாரும் உண்டு. இரண்டு தவணையோடு வீட்டுக்குப் போகும் அமெரிக்காவுக்கு அது பொருந்தலாம். இங்கே யாரும் வீட்டுக்குப் போவதில்லை. 2015 ஜனவரியில் தோற்ற மஹிந்த அதே ஓகஸ்டில் குருநாகலில் வென்று பாராளுமன்றம் வந்தார், 2019இல் பிரதமரானார். மைத்திரிபால சிறிசேன 2020இல் பொலன்னறுவை எம்.பி. ஆனார். ஆகவே முன்னாள் தலைவரின் விமர்சனத்தில் அடுத்த தேர்தலின் வாசனை அடிப்பதை எவரும் தடுக்க முடியாது.

என் கவலை வேறு. இந்தப் பெரியவர்களின் சண்டைக்குள் எங்கள் காரியங்கள் அமுங்கிப் போகின்றன.

கொவிட் காலத்தில் முஸ்லிம்களான எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருந்தது. பிறந்து 20 நாளே ஆன பச்சிளம் குழந்தையையும் 2020 டிசம்பரில் எரித்தார்கள். அந்த மாதங்களில் நாட்டில் மூன்று முன்னாள் ஜனாதிபதிகள் இருந்தார்கள். ஒருவர் பிரதமர், இன்னொருவர் ஆளும் தரப்பு எம்.பி. அடக்கத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று 2021 பெப்ரவரி 10இல் பிரதமர் பாராளுமன்றத்தில் சொன்னார். வர்த்தமானி வர மேலும் இரண்டு கிழமை ஆனது. பிறகும் ஓட்டமாவடி ஒன்றில்தான் குழி. அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். கையில் அதிகாரம் இருந்தபோது பேச வேண்டிய பேச்சு அது. எரிந்த மையத்துக்குப் பின்னால் வரும் விமர்சனம் எந்த உம்மாவின் கண்ணீரைத் துடைக்கும்?

மாவடிப்பள்ளி வீதியும் இப்படித்தான். காரைதீவிலிருந்து வயல்களை ஊடறுத்துப் போகும் அந்தப் பாதை மாரியில் வெள்ளத்தில் மூழ்குவது இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டியது. ஆறு மாணவர்களும் உடன் வந்த பெரியவர்களும் மௌத்தானார்கள். அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகி இரண்டு மாதம், பாராளுமன்றத் தேர்தல் முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. புதிய அரசு ஏன் எச்சரிக்கவில்லை என்று முன்னாள் ஆட்சியாளர் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்த வீதி 2024இல் தாழ்ந்து போனதல்ல. சந்திரிகா காலம், மஹிந்த காலம், மைத்திரி காலம், கோட்டாபய காலம், ரணில் காலம் எல்லாவற்றிலும் அது அங்கேதான் கிடந்தது. இன்றைய அரசும் இதைச் சொல்லியே தப்பிக்க முடியாது. ஆட்சி இப்போது அவர்கள் கையில்.

அடுத்த தேர்தலுக்கு முன்னாள் ஜனாதிபதி யாராவது நம் ஊர் மேடையில் ஏறி அரசாங்கத்தைச் சாடினால், இடைமறிக்காமல் முழுதாகக் கேளுங்கள். அவர் பேசி முடித்ததும், ஜனாஸா எரிப்பின்போது நீங்கள் என்ன செய்தீர்கள், மாவடிப்பள்ளி வீதிக்கு உங்கள் காலத்தில் எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும் வரை உட்கார வேண்டாம்.