லாபி கார்டு: படம் அழிந்தும் பிழைத்த அட்டை

கிரேட்டா கார்போ நடித்து 1928-இல் வெளிவந்த காதல் படம் ‘தி டிவைன் வுமன்’. அதை இன்று முழுதாகப் பார்க்க வழியில்லை. மாஸ்கோவில் ஒரு காப்பகத்தில் கிடைத்த ஒரே ரீல்தான் மிச்சம். சுமார் ஒன்பது நிமிடம் ஓடும். மற்றக் காட்சிகளைத் தேடுகிறவர்கள் அந்தக் காலத்து ஸ்டில்களையும் லாபி கார்டுகளையும்தான் நம்ப வேண்டும். அமெரிக்க மௌனப் படங்களில் சுமார் 70 சதவீதம் இப்படி அழிந்துபோனவை. லாபி கார்டு சேகரிப்பை வெறும் பொழுதுபோக்காக நான் பார்க்காததற்கு இதுவே காரணம்.

தியேட்டர் முன்கூடத்தில் மாட்டுவதற்காக அச்சிட்ட கெட்டி அட்டை இது. 14 அங்குல அகலம், 11 அங்குல உயரம். பெரும்பாலும் ஒரு படத்துக்கு எட்டு அட்டைகள் வரும்: படப்பெயரும் நட்சத்திரங்களும் பெரிதாக இடம்பெறும் தலைப்பு அட்டை ஒன்று, காட்சி அட்டைகள் ஏழு. 1910-களில் பரவிய இந்த வழக்கம் 1980-களில் அமெரிக்காவில் ஏறக்குறைய நின்றுபோனது.

அட்டையில் இருப்பது பிலிமிலிருந்து எடுத்த படம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தனியாக இருப்பார். ஷாட் முடிந்ததும் நடிகர்களை மறுபடி நிற்கவைத்து, பெரிய நெகட்டிவ் கேமராவில் எடுப்பார். அதனால்தான் காதலர் இருவரின் முகமும் அட்டையில் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. எடிட்டிங்கில் வெட்டிய காட்சிகூடச் சில சமயம் அட்டையில் இருந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் வண்ண அட்டை அச்சிட்டார்கள்; நாயகியின் நீலப் பட்டு உடை, வண்ணம் தீட்டியவரின் கற்பனையாகவே இருக்கலாம்.

நாயகனும் நாயகியும் நெருங்கி நிற்கும் அட்டைக்குத்தான் விலை அதிகம். முக்கிய நட்சத்திரம் இல்லாததை ‘டெட் கார்டு’ என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. துணை நடிகரின் முகம், அரங்க அமைப்பு, அறையின் மேசை நாற்காலி எல்லாம் அந்த அட்டைகளில்தான் தெளிவாகப் பதிந்திருக்கும். படமே இல்லாதபோது அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வாங்குமுன் அட்டையின் வயதைப் பார்க்க வேண்டும். 1942-இல் முதன்முதலாகத் திரையிட்ட ‘காசாபிளாங்கா’ 1949-இல் மறுவெளியீடு கண்டது. அப்படி மறுவெளியீட்டுக்காக அச்சிட்ட அட்டைகளின் கீழ் விளிம்பில் பெரும்பாலும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். புற ஊதா விளக்கும் கைகொடுக்கும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் வேதிப்பொருள்கள் ஏறக்குறைய 1950-க்குப் பிறகே பரவலாயின. 1930-களின் அட்டை பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஒளிராததால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. உருப்பெருக்கியில் எழுத்துகளையும் பாருங்கள். ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் எழுத்தும் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும்.

மூலைகளில் குண்டூசித் துளை இருந்தால் கவலை வேண்டாம், அட்டை தியேட்டரில் தொங்கியிருக்கிறது. செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும்தான் கேடு. அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாமல் வைத்தால் போதும். வசதி இருந்தால் நல்ல ஸ்கேன் ஒன்றும் எடுத்து வையுங்கள். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மௌனப் பட லாபி கார்டுகளை ஆயிரக்கணக்கில் இப்படித்தான் டிஜிட்டலாக்கி, ஆய்வாளர்கள் பயன்படுத்தத் திறந்துவிடுகிறார்கள்.